செதில் சரி, அட்ரஸ் எங்கே?

திருவிடந்தை தெரியுமா? ஈசிஆர்-ல கோவளம் தாண்டி மாமல்லபுரம் போற வழியில வர்ற ஊர். சீக்கிரம் கல்யாணம் ஆகணும்னு வேண்டிக்கிறவங்க நித்தியகல்யாணப் பெருமாள் கோயிலுக்காக வருவாங்க. 2018-ல ராணுவக் கண்காட்சி இங்கதான் நடந்தது, அதனால நம்ம ஆளுங்களுக்கும் பேர் பரிச்சயம். நாங்க போனது ரெண்டுக்கும் இல்ல. இன்டர்னல்ஸ் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை, சும்மா கடல் பாக்க.

ஈர மணல்ல ரூம்மேட் ஒரு பொருளைக் கண்டெடுத்தான். கட்டைவிரல் நகம் அளவு, பழுப்பு நிறம், வெயில்ல பளபளன்னு இருந்துச்சு. கிட்ட வெச்சுப் பார்த்தா மெல்லிசா வட்ட வட்டக் கோடுகள். மீன் செதில்னு பார்த்த உடனே தெரிஞ்சுது. ஆனா அவன் அதோட நிக்கல. "மச்சி, இது ஃபாசில்டா. கலரைப் பாரு" அப்படின்னு ஆரம்பிச்சான். அன்னைக்கு ராத்திரிக்குள்ள அந்த போட்டோ நாலு வாட்ஸ்அப் குரூப்ல சுத்திடுச்சு. ஒருத்தர் கோடி வருஷம்னார், ஒருத்தர் டைனோசர்னார், இன்னொருத்தர் விலை கேட்டார்.

அது ஃபாசில் இல்ல. ஏன் இல்லன்னு எப்படிச் சொல்றது? நிஜமாவே ஃபாசில் செதில் கிடைச்சா அது எந்த மீனோடதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? இந்த ரெண்டு கேள்விக்கும் பதில் தேடினப்போ நான் கத்துக்கிட்டதுதான் இந்தக் கட்டுரை. நடுவுல நானே பண்ண ஒரு தப்பும் வரும்.

முதல்ல கீழே இருக்கற கல்லைப் பாருங்க

ஃபாசில்னு சொல்லப்படற ஒரு பொருளைக் கையில வாங்கினதும் நாம அந்தப் பொருளையே உத்துப் பாக்குறோம். அதுக்கு முன்னாடி, அது கிடைச்ச இடத்துல என்ன பாறை இருக்குன்னு கேக்கணும்.

திருவிடந்தையில மணலுக்கு அடியில இருக்கறதும், மாமல்லபுரம் சுத்துவட்டாரத்துல வெளியே தலை நீட்டுறதும் பெரும்பாலும் சார்னோகைட் வகைப் பாறைகள். பல்லாவரம், பரங்கிமலையிலயும் இதே குடும்பம்தான். கொல்கத்தாவுல ஜாப் சார்னாக் கல்லறை மேல இருக்கற கல்லு இந்த வகை. அதனால 1893-ல தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் அவர் பேரையே இந்தப் பாறைக்கு வெச்சார். இந்தப் பாறைகளோட வயசு சுமார் 250 கோடி வருஷம். பூமிக்குள்ள ஆழத்துல, 700 டிகிரி செல்சியஸுக்கு மேல வெந்து உருவானது.

இப்போ கணக்குப் போடுங்க. மீன் மாதிரியான உயிரினம் தோன்றியே சுமார் 50 கோடி வருஷம்தான் ஆகுது. மீனை விட அஞ்சு மடங்கு வயசான கல்லுக்குள்ள மீன் செதில் இருக்க வாய்ப்பே இல்ல. இருந்திருந்தாலும் அந்தச் சூட்டுல தப்பிச்சிருக்காது.

மேல இருக்கற மணல் புதுசு. கடலும் காத்தும் இன்னைக்கும் கொண்டு வந்து கொட்டுறது. தமிழ்நாட்டுக் கரையோரக் காயல்கள்ல சில ஆயிரம் வருஷம் பழைய சிப்பிப் படிவுகள் உண்டு. பழவேற்காட்டுல அதைத் தோண்டிச் சுண்ணாம்புக்கு எடுத்திருக்காங்க. ஆனா அதுவும் கோடிக்கணக்குல வராது. அதனால திருவிடந்தை மணல்ல கிடைச்ச செதிலுக்கு, போன வாரம் கோவளத்துல யாரோ மீன் சீவினாங்க என்பதுதான் முதல் விளக்கம். வேற ஏதாவது சொல்லணும்னா ஆதாரம் நாமதான் காட்டணும்.

மீன் மார்க்கெட்டே லேப்

செதிலைப் படிக்க லேப் வேண்டாம். மீன் மார்க்கெட் போதும். மீன் வெட்டுற அக்காகிட்ட "கொஞ்சம் செதில் குடுங்கக்கா"ன்னு கேளுங்க. ஒரு மாதிரிதான் பாப்பாங்க, ஆனா குடுத்துடுவாங்க.

லூயி அகாசி என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி 1833 முதல் 1843 வரை ஃபாசில் மீன்களைப் பத்திப் பல பாகமா ஒரு பெரிய நூல் வெளியிட்டார். மீன் முழுசாக் கிடைக்காம செதில் மட்டும் கிடைக்கிறது சகஜம் என்பதால, எல்லா மீனையும் செதிலை வெச்சே நாலு கூட்டமாப் பிரிச்சார். அந்த வகைப்பாட்டைப் பின்னாடி வந்தவங்க கைவிட்டுட்டாங்க. செதில்களுக்கு அவர் வெச்ச பேர் மட்டும் இன்னைக்கும் புழக்கத்துல இருக்கு.

ஒண்ணு, பிளாக்காய்டு. சுறா, திருக்கையோடது. சுறாத் தோலைத் தலையில இருந்து வால் பக்கமாத் தடவினா வழவழன்னு இருக்கும். திருப்பித் தடவினா உப்புத்தாள். காரணம், அதோட ஒவ்வொரு செதிலும் ஒரு குட்டிப் பல். உள்ள கூழ், சுத்தி டென்டின், மேல எனாமல் மாதிரி ஒரு பூச்சு, நம்ம பல்லு மாதிரியே. பொதுவா ஒரு மில்லிமீட்டருக்கும் சின்னது. வெறுங்கண்ணுக்கு மாட்டாது.

ரெண்டு, கனாய்டு. சாய்சதுர வடிவம், தடிமன், மேல கண்ணாடி மாதிரி கனாயின் என்ற பளபளப்புப் பூச்சு. தரையில டைல்ஸ் பதிச்ச மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோர்த்து நிக்கும். பல இனங்கள்ல ஒரு செதிலோட முளை அடுத்ததோட குழியில மாட்டிக்கும். இது நம்ம மார்க்கெட்ல கிடைக்காது. வட அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கியூபாவில் வாழற கார் என்ற நீள மூக்கு மீன்ல இன்னைக்கும் பாக்கலாம்.

மூணு, சைக்ளாய்டு. வட்டம், மெல்லிசு, ஓரம் வழவழ. ரோகு, கட்லா, மத்தி.

நாலு, டீனாய்டு. இதுவும் மெல்லிசு. ஆனா வெளியே தெரியற ஓரத்துல சீப்பு மாதிரி பொடிப் பற்கள். கொடுவா, சங்கரா. விரல்ல தேய்ச்சாலே வித்தியாசம் தெரியும்.

இந்தப் பட்டியல்ல இல்லாத ஆளும் உண்டு. கெளுத்திக்குச் செதிலே கிடையாது. அதனால ஒரு பாறையில செதில் இல்லங்கறதை வெச்சு அங்க மீனே இல்லன்னு சொல்லிட முடியாது.

ஒரு ரோகு செதிலைக் கழுவி, மொபைல் கேமராவுல மாட்டுற சின்ன மேக்ரோ லென்ஸ்ல பாருங்க. நடுவுல ஒரு மையம். அதைச் சுத்தி வளர வளரச் சேர்ந்த வட்டக் கோடுகள். மையத்துல இருந்து ஓரத்துக்கு ஓடுற ஆரக் கோடுகள். மையம் எங்க இருக்கு, ஆரக் கோடு எத்தனை, எந்தப் பக்கம், ஓரம் எப்படி. ஃபாசில் செதிலை அடையாளம் காணறவங்க பாக்குறதும் இதே நாலு விஷயத்தைத்தான்.

ஃபாசிலா, போன வாரக் குழம்பா?

இன்னைக்குச் செதில் கொலாஜன் என்ற புரதமும் கால்சியம் பாஸ்பேட்டும் சேர்ந்த ஒரு காம்போசிட். மெட்டீரியல்ஸ் பேப்பர்ல படிச்ச ஃபைபர் அடுக்கு மாதிரியே, ஒவ்வொரு அடுக்குலயும் இழைகள் வேற வேற திசையில ஓடும். அதனாலதான் அது மெல்லிசா இருந்தும் கிழியாது, வளையும்.

கோடிக்கணக்கான வருஷம் மண்ணுல கிடந்தா கொலாஜன் போயிடும். பாஸ்பேட் மட்டும் மிஞ்சி, நிலத்தடி நீர்ல இருந்து ஃபுளோரினையும் வேற தனிமங்களையும் உள்ள வாங்கிக்கும். அதனால ஃபாசில் செதில் வளையாது, உடையும். நிறம் பழுப்பு, கருப்பு, தேன் நிறம்னு மாறும். நிறத்தை மட்டும் நம்பாதீங்க. சேத்துல ரெண்டு மாசம் கிடந்த புதுச் செதிலும் பழுப்பாத்தான் ஆகும். ரூம்மேட் மாட்டினது இங்கதான்.

ஹாஸ்டல்லயே செய்யக்கூடிய சோதனைகள்:

தண்ணியில ஊறப் போடுங்க. ஒரு ராத்திரி கழிச்சு மெதுவாகி வளைஞ்சா, காய்ஞ்சதும் மறுபடி சுருண்டா, அது இன்னைக்குச் செதில். ஆனா கல்லோட ஒட்டியிருக்கற எதையும் ஊற வெக்காதீங்க. சில களிமண் பாறை தண்ணியில கரைஞ்சு கூழாயிடும்.

ஒத்த மாதிரி நிறைய கிடந்தா மட்டும் ஒண்ணை நெருப்புல காட்டுங்க. முடி கருகுற வாடை வந்தா உள்ள புரதம் இருக்கு. ஒரே ஒண்ணுதான் இருக்குன்னா இந்தச் சோதனை வேண்டாம். எரிச்சதைத் திரும்ப வாங்க முடியாது.

சிப்பியோன்னு சந்தேகமா? உடைஞ்ச ஓரத்துல ஒரு துகள் எடுத்து அதுல வினிகர் சொட்டு விடுங்க. நுரைச்சா கால்சியம் கார்பனேட், அதாவது சிப்பி. பாஸ்பேட் அப்படி நுரைக்காது. ஜாக்கிரதை, செதில் பதிஞ்சிருக்கற பாறையே சுண்ணாம்புக்கல்லா இருந்தா பாறை நுரைக்கும். அதைப் பார்த்து முடிவு பண்ணிடாதீங்க. ஆராய்ச்சிக்கூடங்கள்ல இந்தக் குணத்தையே பயன்படுத்துறாங்க. நீர்த்த அசிட்டிக் அமிலத்துல சுண்ணாம்புக்கல்லை மெதுவாக் கரைச்சு, கரையாம மிஞ்சுற பல்லையும் செதிலையும் சலிச்சு எடுப்பாங்க.

பளபளன்னு ஏடு ஏடா உரிஞ்சு வந்தா அது அப்ரகம். கோடு இருக்கும், ஆனா வட்டமா இருக்காது. பாதி ஒளி ஊடுருவுற மெல்லிய சிப்பித் துண்டு, நண்டு ஓடு, மீனோட செவுள் மூடி, இதெல்லாம் ஏமாத்தற கூட்டம்.

இதுக்கும் மேல போகணும்னா எக்ஸ்ரே டிஃப்ராக்ஷன் இருக்கு. புது எலும்பு, செதில்ல பாஸ்பேட் படிகம் ரொம்பப் பொடிசு, அதனால கிராஃப்ல முகடுகள் மழுங்கலா வரும். ஃபாசில் ஆகும்போது படிகம் வளர்ந்து சீராகும், முகடு கூர்மையாகும். மெட்டீரியல்ஸ் லேப் இருக்கற காலேஜ்ல படிக்கிறவங்களுக்கு இது நல்ல மினி புராஜெக்ட்.

எந்த மீன்? எவ்வளவு தூரம் சொல்லலாம்?

இங்கதான் சினிமா எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கணும். தனியாக் கிடைச்ச ஒரு சைக்ளாய்டு செதிலை வெச்சு இன்ன இனம்னு சொல்றது பெரும்பாலும் முடியாது. ஒரே மீனோட உடம்புலயே தலைக்குப் பின்னாடி, நடுவுல, வாலுக்குப் பக்கத்துலன்னு செதில் வேற வேற மாதிரி இருக்கும். அதிர்ஷ்டம் இருந்தா குடும்பம் வரைக்கும் போகலாம். "எலும்பு மீன், வகை தெரியல" என்பது மரியாதையான விடைதான். அதை எழுத வெக்கப்பட வேண்டாம்.

கனாய்டு செதில் வேற கதை. தடிமனா இருக்கறதால நல்லாத் தப்பிக்கும், வடிவமும் தனிச்சு நிக்கும். இதுல இந்தியாவுக்கே நல்ல உதாரணங்கள் இருக்கு. பிராணஹிதா ஆத்தங்கரையில, கோட்டா என்ற ஊர்ப் பக்கம் ஜுராசிக் காலச் சுண்ணாம்புக்கல்லுல சாய்சதுரச் செதில் போர்த்தின மீன்கள் கிடைச்சுது. அதுல ஒண்ணுக்கு 1851-ல லெப்பிடோட்டஸ் டெக்கானென்சிஸ்னு பேர் வெச்சாங்க. அப்புறம் மகாராஷ்டிராவின் டோங்கர்காவ்ல கிடைச்ச மீன் எச்சங்களை ஆர்தர் ஸ்மித் வுட்வர்ட் 1908-ல விவரிச்சார். அதுல ஒண்ணு கார் மீன். இன்னைக்கு அமெரிக்கக் கண்டத்துப் பக்கம் மட்டுமே வாழற மீனோட சொந்தக்காரன், சுமார் ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன்னாடி மத்திய இந்தியாவில் நீந்தியிருக்கான். தக்காண எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு நடுவுல இருக்கற படிவுகள்ல இந்தக் கார் செதில்கள் பல இடத்துல கிடைக்குது.

கனாயின் பூச்சு மேல எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்ல பொடிப் புடைப்புகள் தெரியும். அந்தப் புடைப்போட அளவும் இடைவெளியும் இனத்துக்கு இனம் மாறும். அதை அளந்து உடைஞ்ச துண்டையே அடையாளம் காணற முறை 1980-கள்ல வந்தது. கைரேகை பாக்குற மாதிரி.

டோங்கர்காவ்ல கிடைச்ச இன்னொரு மீனுக்கு ஈயோசெரானஸ் ஹிஸ்லோபின்னு பேர். ஸ்டீபன் ஹிஸ்லோப் நாக்பூர்ல வேலை பார்த்த ஸ்காட்லாந்து பாதிரியார். புவியியல் அவர் தொழில் இல்ல. ஊழியத்துக்குப் போற வழியெல்லாம் கல்லு பொறுக்கினவர். சம்பளம் வாங்காம ஃபாசில் சேர்க்கறவங்களுக்கு இந்தத் துறையில எப்பவும் இடம் இருந்திருக்கு. நம்ம பக்கமே அதுக்குச் சாட்சி இருக்கு.

கேயும் கன்லிஃபும்

1840-களோட தொடக்கம். கேய், கன்லிஃப்னு ரெண்டு பேர். கிழக்கிந்தியக் கம்பெனியோட மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரிகள். வேலை நேரம் போக மத்த நேரத்துல புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி பக்கத்துப் பாறைகள்ல இருந்து ஃபாசில் சேர்த்து லண்டன் புவியியல் சங்கத்துக்கு அனுப்பினாங்க. சிப்பி, நத்தை வகைகளை எட்வர்ட் ஃபோர்ப்ஸ் ஆராய்ஞ்சார். புதுச்சேரியில கிடைச்ச மீன் எச்சங்கள் பிலிப் எகர்டன் கைக்குப் போச்சு. எகர்டனும் முழுநேர விஞ்ஞானி இல்ல. நிலக்கிழார், பாராளுமன்ற உறுப்பினர். இளவயசுல இருந்தே ஃபாசில் மீன் பைத்தியம். 1845-ல அவர் வெளியிட்ட கட்டுரைதான் நம்ம பக்கத்து ஃபாசில் மீன்களைப் பத்தின ஆரம்ப ஆவணம். அதுல இருந்தது பெரும்பாலும் பற்கள், முக்கியமா சுறாப் பற்கள். சுறாச் செதிலும் பல்லும் ஒரே கட்டமைப்புன்னு மேல பார்த்தோமே, அதுல கண்ணுக்கு மாட்டற அளவுக்குப் பெருசு பல்லுதான்.

இப்போ முக்கியமான இடம். ஃபோர்ப்ஸ் இந்த மூணு இடத்துல புதுச்சேரிப் படிவுதான் மூத்ததுன்னு நினைச்சார். பின்னாடி வந்தவங்க அதை மாத்தினாங்க. அது கிரிட்டேசியஸ் காலத்தோட கடைசிப் பகுதின்னு இன்னைக்குத் தெரியும். அதாவது பெரிய நிபுணரோட வயசுக் கணிப்பே தப்பாச்சு. ஆனா அந்தத் தப்பை எப்படித் திருத்த முடிஞ்சுது? எந்த ஃபாசில் எந்த ஊர்ல கிடைச்சதுன்னு சேகரிச்சவங்க பிரிச்சு வெச்சிருந்தாங்க. அதனால மறுபடி அந்த ஊருக்கே போய், பாறையைப் பார்த்து, சரிபார்க்க முடிஞ்சுது.

ஃபாசிலோட பேர் மாறும். வயசு மாறும். குடும்பம்கூட மாறும். கிடைச்ச இடம் மட்டும் மாறாது. அதை எழுதி வெக்கலைன்னா மத்தது எதையும் திருத்தவே முடியாது.

எதிர் உதாரணமும் நம்ம நாட்டுலதான். 1989-ல ஜான் டேலண்ட் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி நேச்சர் இதழ்ல ஒரு குற்றச்சாட்டை வெச்சார். சண்டிகர்ல இருந்த ஒரு பேராசிரியர் இமயமலையில கிடைச்சதா வருஷக்கணக்கா எழுதின ஃபாசில்கள்ல பல, உண்மையில மொராக்கோ, அமெரிக்கா மாதிரி வேற நாட்டுச் சரக்கு என்பதுதான் அது. அந்த ஃபாசில்கள் நிஜம், அட்ரஸ்தான் பொய். அந்தப் பொய் அட்ரஸை நம்பி இமயமலையோட வரலாற்றைப் பத்தி எழுதின எத்தனையோ கட்டுரைகளைச் சந்தேகத்தோட திரும்பப் படிக்க வேண்டியதாச்சு.

என் பென்சில் பாக்ஸ்ல ஒரு பல்

மூணாவது வருஷம், பெரம்பலூர் மாவட்டம் காரைக்கு நண்பர்களோட பைக்ல போனேன். செடி முளைக்காத களிமண் மேடுகள், மழை அறுத்த ஓடைகள். நடந்தாலே காலடியில சிகார் மாதிரி பெலம்னைட் துண்டுகள். ஒரு இடத்துல சின்னதா, கருப்பா, பளபளன்னு ஒரு பல் கிடைச்சுது. சந்தோஷத்துல பாக்கெட்ல போட்டேன். அப்புறம் இன்னும் ரெண்டு ஊர் சுத்தினோம். அங்கயும் சிலது பொறுக்கினேன். எல்லாம் ஒரே பாக்கெட்.

பல மாசம் கழிச்சு புவியியல் சொல்லித்தர்ற ஒரு ஆசிரியர்கிட்ட காட்டினேன். லென்ஸ் வெச்சு ரொம்ப நேரம் பார்த்தார். "சுறாப் பல்தான். நல்லா இருக்கு. எங்க எடுத்தே?"

"அரியலூர் பக்கம் சார்."

"அரியலூர் பக்கம்னா?"

என்கிட்ட பதில் இல்ல. காரையா, அடுத்த ஊரா, ஓடைக்குள்ளயா, மேட்டு மேலயா, எதுவும் சொல்ல முடியல. அவர் திட்டல. பல்லைத் திரும்ப என் கையில வெச்சுட்டு, "அழகா இருக்கு, பத்திரமா வெச்சுக்கோ" மட்டும் சொன்னார். அதுக்குத் திட்டியிருக்கலாம்.

அந்த வட்டாரப் பாறைகளை 1862-ல ஹென்றி பிளான்ஃபோர்டு ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர்னு மூணு தொகுதியாப் பிரிச்சார். கீழிருந்து மேல வரைக்கும் கிட்டத்தட்ட நாலரைக் கோடி வருஷக் கதை. "அரியலூர் பக்கம்" என்பது அந்த நாலரைக் கோடி வருஷத்துல எங்கயோ ஒரு நாள் என்பதுக்குச் சமம். அதே காரைப் படிவுகள்ல இருந்து அண்டர்வுட், கோஸ்வாமி, பிரசாத் குழுவினர் 2011-ல சுறாக்கள் உட்பட கடல் முதுகெலும்பிகளைப் பத்திக் கட்டுரை வெளியிட்டிருக்காங்க. அவங்களோட பல்லும் என்னோட பல்லும் பாக்க ஒண்ணா இருக்கலாம். அது ஆதாரம், என்னோடது பேப்பர் வெயிட்.

இது அவசரம்

அரியலூர் சுண்ணாம்புக்கல் சிமென்டுக்குப் போகுது. சுரங்கம் வெட்டும்போதுதான் புது அடுக்கு வெளியே வருது, அதே வேகத்துல அது அரைபட்டும் போகுது. சிமென்ட் வேண்டாம்னு நாம சொல்ல முடியாது, அதுவும் சிவில்காரங்க இருக்கற பத்திரிகையில. ஆனா தினமும் அழியற ஒரு பதிவேட்டுல இருந்து ஒரு பக்கத்தை எடுக்கறவர், பக்க எண்ணோட எடுக்கணும்.

நம்ம பக்கத்துலயும் வாய்ப்பு இருக்கு. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துல, ஃபேக்டரிகளுக்கு நடுவுல, கிரிட்டேசியஸ் கால ஆரம்பத்து மெல்லிய களிமண் பாறைகள் உண்டு. டைலோஃபில்லம் மாதிரியான இலைப் பதிவுகளுக்குப் பேர் போனவை. கடல் உயிர்களோட தடயமும் அங்க கிடைச்சிருக்கு. திருவிடந்தை மணல்ல தேடறதை விட, அங்க அஸ்திவாரத்துக்குத் தோண்டிக் கொட்டின பாறையை லென்ஸோட பாக்கறது எவ்வளவோ மேல்.

கிடைச்சா செய்ய வேண்டியது:

1. கை வெக்கறதுக்கு முன்னாடி போட்டோ. ஒண்ணு கிட்டத்துல, பக்கத்துல அளவுக்கு ஒரு காசு. ஒண்ணு தள்ளி நின்னு, சுத்துப்புறம் தெரியற மாதிரி.

2. மேப்ல அந்தப் புள்ளியைச் சேமிங்க. அட்சரேகை, தீர்க்கரேகையைக் காகிதத்துலயும் எழுதுங்க. போன் தொலையும்.

3. பாறைக்குள்ள பதிஞ்சிருந்துதா, கீழே உதிர்ந்து கிடந்துதான்னு தனியாக் குறிங்க. உதிர்ந்ததுன்னா மேல எந்த அடுக்குல இருந்தும் வந்திருக்கலாம்.

4. செதிலைப் பாறையில இருந்து பிரிக்காதீங்க. பாறைத் துண்டே பாதி ஆதாரம். நெயில் பாலிஷ், ஃபெவிகால் எதுவும் வேண்டாம்.

5. ஒரு பொருளுக்கு ஒரு பை, ஒரு சீட்டு. தேதி, ஊர், இடம், எடுத்தவர். என் பாக்கெட்டை நினைச்சுக்குங்க.

6. சுரங்கம், தனியார் நிலம்னா அனுமதி கேட்டுட்டுப் போங்க. திருவக்கரை, சாத்தனூர் மாதிரி பாதுகாக்கப்பட்ட கல்மர இடங்கள்ல ஒரு துண்டு கூட எடுக்கக் கூடாது.

7. விக்காதீங்க, வாங்காதீங்க. கடைக்குப் போன ஃபாசிலுக்கு அட்ரஸ் போயிடும். புவிப் பாரம்பரியத்தைப் பாதுகாக்க மத்திய அரசு 2022-ல ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. சட்டம் வந்தாலும் வராட்டியும் இது நம்ம கையில இருக்கு.

8. சந்தேகம்னா காட்டுங்க. கிண்டியில இந்திய புவியியல் ஆய்வு மைய அலுவலகம் இருக்கு. பல பல்கலைக்கழகங்கள்ல புவியியல் துறை இருக்கு. அரியலூர் போனா வாரணவாசியில அரசு புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பாருங்க. நிஜ ஃபாசில் எப்படி இருக்கும்னு கண்ணு பழகும்.

திருவிடந்தைச் செதில் என்ன ஆச்சு? ராத்திரி பூரா தண்ணியில போட்டோம். காலையில வெற்றிலை மாதிரி வளைஞ்சுது. விரல்ல தேய்ச்சா ஓரம் சொரசொர. அப்போ டீனாய்டு. கொடுவாவோ சங்கராவோ, அதுக்கு மேல நாங்க போகல. ரூம்மேட் முகம் சுருங்கினாலும், தூக்கிப் போடல. ஒரு சின்ன ஜிப் கவர்ல போட்டு உள்ள சீட்டு எழுதி வெச்சான்: "எலும்பு மீன் செதில், டீனாய்டு, இக்காலத்தது. திருவிடந்தை கடற்கரை, உதிர்ந்து கிடந்தது." கீழே தேதி, மேப் புள்ளி, அவன் பேர்.

அது பக்கத்துலதான் என் பென்சில் பாக்ஸும் இருக்கு. பத்து கோடி வருஷம் வயசு இருக்கக்கூடிய ஒரு சுறாப் பல்லு. ரெண்டுல எது அறிவியல் மாதிரின்னு கேட்டா, நான் அவன் செதிலைத்தான் காட்டுவேன்.